கூகுள் கிளாஸ்ரூம்: வீட்டுப்பாடச் சுமை இதில் ஏன் தெரிவதில்லை?

உயர்நிலைப் பள்ளியில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு பேச்சு வந்தே தீரும். பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் தாங்கவில்லை என்பது ஒன்று. பள்ளியிடம் பணம் இல்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, ஆசிரியர்கள் இணையத்தில் வீட்டுப்பாடம் போடும் கூகுள் கிளாஸ்ரூம் செயலி வந்து நிற்கும். "எல்லாம்தான் அதில் ஏறுகிறதே, அதைப் பார்த்தாலே சுமை எவ்வளவு என்று தெரிந்துவிடுமே" என்பார் ஒருவர். "இலவசப் பதிப்பில் அதெல்லாம் வராது, காசு கட்டினால் வரும்" என்பார் அடுத்தவர். இரண்டுமே சரியில்லை. பாடம் நடத்த இந்தச் செயலி எப்படி என்ற பொது அலசல் அல்ல இது. அந்தக் கூட்டத்துக்கு இது எந்த அளவு கைகொடுக்கும் என்பது மட்டுமே இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுப்பாடம் கொடுக்க, வாங்க, திருத்தித் திருப்பித் தர கிளாஸ்ரூம் நல்ல கருவி. 2014இல் வந்ததிலிருந்து அந்த வேலையை ஒழுங்காகச் செய்துவருகிறது. சுமையை அளப்பதற்கு மட்டும் அது உதவாது. காசு கட்டினாலும் அந்தக் குறை தீராது. ஆனால் சில அமைப்புகளை மாற்றி, பக்கத்தில் ஒரு காகித அட்டவணையும் வைத்தால் கூட்டத்தில் வாக்குவாதம் குறையும், வேலை நடக்கும்.

குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. கிளாஸ்ரூமில் ஒரு பாடம் என்றால் ஒரு தனி வகுப்பு. ஒரு மாணவிக்கு ஏழு பாடம் என்றால் ஏழு வகுப்பு, ஏழு காலண்டர். அவள் திரையில் ஏழும் சேர்ந்து 'செய்ய வேண்டியவை' பட்டியலாக வந்துவிடும். கணித ஆசிரியரின் திரையிலோ கணிதம் மட்டும்தான். வியாழக்கிழமைக்கு அவர் ஒரு பயிற்சி போடும்போது, அதே வியாழனுக்கு அறிவியலில் செய்முறை அறிக்கையும் வரலாற்றில் திட்டப்பணியும் கேட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஏழு பேரும் ஆளுக்கு 30 நிமிட வேலை கொடுத்தால் கூட்டுத்தொகை 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரம். "நான் அரை மணி வேலைதான் கொடுக்கிறேன்" என்று ஆசிரியர் சொல்வதும் உண்மை. "பிள்ளை பதினொரு மணி வரை எழுதுகிறாள்" என்று தாய் சொல்வதும் உண்மை. ஆளுக்கொரு திரையைப் பார்த்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பாதி வழி உண்டு. ஒரு வகுப்பில் இருபது ஆசிரியர்கள் வரை சேரலாம். அதனால் வகுப்பாசிரியர் ஒருவரை அந்த செக்‌ஷனின் ஏழு பாடங்களிலும் இணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டால் ஏழு காலண்டரும் அவர் கண்ணுக்கு வந்துவிடும். ஆனால் இணை ஆசிரியருக்குக் காலண்டர் மட்டும் தெரிவதில்லை. மதிப்பெண்ணும் தெரியும், மாணவருக்கு எழுதும் தனிக்குறிப்பும் தெரியும், மதிப்பெண்ணை மாற்றவும் முடியும். ஆசிரியர்களிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்காமல் இதைச் செய்தால் ஸ்டாஃப் ரூமில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. பணி போடும் பக்கத்தில் தலைப்பு, விளக்கம், மதிப்பெண், கெடு தேதி, தலைப்புப் பிரிவு எல்லாம் உண்டு. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குறிக்க ஓர் இடம் இல்லை. மதிப்பெண் கட்டத்தில் 100 என்று தானாகவே வந்து நிற்கும். மாற்றாமல் விட்டால் பத்து நிமிட வேலையும் 100, இரண்டு வாரத் திட்டப்பணியும் 100. பட்டியலில் இரண்டும் ஒரே கனத்தில் நிற்கும்.

இதற்கு மாற்று மிக எளியது. நிமிடத்தைத் தலைப்பின் முதலிலேயே எழுத வேண்டும்: '30 நி: இருபடிச் சமன்பாடு, முதல் 6 கணக்கு'. விளக்கத்தில் எழுதினால் உள்ளே போய்த் திறந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். தலைப்பில் எழுதினால் மாணவரின் பட்டியலிலும் காலண்டரிலும் பெற்றோருக்குப் போகும் மின்னஞ்சலிலும் அது கூடவே போகும். ஒரு பள்ளி முழுக்க இந்த ஒரே பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிடும். எல்லா ஆசிரியரும் 'நி' என்ற ஒரே குறியீட்டைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் 'நிமி', ஒருவர் 'மினிட்ஸ்' என்று எழுதினால் பிறகு தேடி எடுப்பது கஷ்டம்.

வீட்டுப்பாடத்தை 'ஸ்ட்ரீம்' பக்கத்தில் அறிவிப்பாகப் போடும் பழக்கம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. வேகமாக முடியும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். அந்த அறிவிப்புக்குக் கெடு கிடையாது. காலண்டரில் ஏறாது, செய்ய வேண்டியவை பட்டியலிலும் வராது. இரண்டு நாள் கழித்து மற்ற அறிவிப்புகளுக்கு அடியில் போய்விடும். மாணவர் செய்யாமல் வந்தால் 'போட்டேனே' என்று ஆசிரியரும் 'வரலையே' என்று மாணவரும் மல்லுக்கு நிற்பார்கள். வீட்டுப்பாடம் எதுவானாலும், ஒரே வரியானாலும், 'கிளாஸ்வொர்க்' பக்கத்தில் பணியாகவே போட வேண்டும்.

இனி கெடு நேரம். பெற்றோர் கூட்டத்தில் யாரும் எழுப்பாத விஷயம் இது. முதலில் எழுப்ப வேண்டியதும் இதுதான். ஆசிரியர் கெடு தேதியை மட்டும் தேர்ந்தெடுத்து நேரத்தைத் தொடாமல் விட்டால் கிளாஸ்ரூம் இரவு 11:59 என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு நேரத்தை வைக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. ஆனால் மாணவர் மனதில் அதுதான் பதிகிறது: இன்னும் நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம், பத்து மணிக்குத் தொடங்கலாம். ஏழு பாடத்துக்கும் அதே 11:59 என்றால் ஏழும் இரவின் கடைசி ஒன்றரை மணி நேரத்தில் வந்து குவியும். 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. 11:59க்குச் சமர்ப்பித்துவிட்டு ஆறு மணிக்கு எழும் பிள்ளைக்கு ஆறு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

கெடுவை மாலை 8 மணிக்கு வைக்கலாம். அல்லது அடுத்த நாள் அந்தப் பாடவேளை தொடங்கும் நேரத்துக்கு வைக்கலாம். இரண்டாவதுதான் நல்லது. மாலை வேறு வேலை இருக்கும் பிள்ளை காலையில் செய்யலாம், வீட்டில் இணையம் இல்லாத பிள்ளை பள்ளிக்கு வந்து அனுப்பலாம். பணி போடும்போது தேதியைத் தேர்ந்தெடுத்ததும் கீழே நேரக் கட்டம் வரும். அதைத் தொட்டு மாற்ற ஐந்து விநாடி போதும். சென்ற பருவத்துப் பணியை மறுபயன்பாட்டில் எடுத்துப் போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் கெடு நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

பெற்றோருக்கான வசதி என்று கிளாஸ்ரூமில் இருப்பது காப்பாளர் மின்னஞ்சல். பள்ளிக்கென்று வழங்கப்படும் எஜுகேஷன் கணக்குகளில் மட்டும்தான் இது கிடைக்கும், சொந்த ஜிமெயிலில் நடத்தும் வகுப்பில் கிடைக்காது. பள்ளி நிர்வாகி அனுமதித்தால் ஆசிரியரே பெற்றோரின் மின்னஞ்சலைச் சேர்த்து அழைப்பு அனுப்பலாம். 120 நாளுக்குள் பெற்றோர் ஏற்காவிட்டால் அழைப்பு காலாவதியாகும். அதற்கு மேல், ஒவ்வொரு வகுப்பின் அமைப்பிலும் 'காப்பாளர் சுருக்கம்' என்பதை ஆசிரியர் தனித்தனியே திறந்துவிட வேண்டும். ஏழு ஆசிரியரில் மூன்று பேர் திறந்து நான்கு பேர் மறந்தால் பெற்றோருக்கு மூன்று பாடத்தின் கதை மட்டும் வரும். அதையே முழுக்கதை என்று நம்பிக் கூட்டத்துக்கு வருவார்கள். 'இந்த ஆசிரியர் மட்டும் இவ்வளவு கொடுக்கிறார்' என்ற புகார்களில் ஒரு பகுதி இப்படிப் பிறப்பதுதான்.

அந்த மின்னஞ்சலில் விடுபட்ட பணி, வரவிருக்கும் பணி, வகுப்பில் என்ன நடந்தது என்ற மூன்றும் இருக்கும். 'விடுபட்டது' என்பதைப் பெற்றோர் பதறாமல் படிக்க வேண்டும். நோட்டில் எழுதி நேரில் கொடுத்த பாடத்தையும், திரையில் 'முடித்தேன்' என்று மாணவர் குறிக்காவிட்டால், கிளாஸ்ரூம் விடுபட்டதாகவே காட்டும். செய்த வேலைக்கு வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளைகள் இதனால் உண்டு. நோட்டில் எழுதும் வேலை என்றால் தலைப்பிலேயே 'நோட்டில்' என்று சேர்த்துவிடுவதும், சமர்ப்பித்ததும் குறியிட வகுப்பிலேயே ஒரு நிமிடம் தருவதும் போதும். தினசரி மின்னஞ்சல் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை வருவதைத் தேர்ந்தெடுங்கள். தினமும் வந்தால் இரண்டாவது வாரமே படிப்பது நின்றுவிடும்.

இனி அளவீடு. கூட்டத்துக்குப் போகும் முன் இரண்டு சாதாரண வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரமும் வேண்டாம், விடுமுறைக்கு முந்திய வாரமும் வேண்டாம். ஆசிரியர் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தம் மதிப்பீட்டை நிமிடத்தில் எழுத வேண்டும். தாமே ஒருமுறை செய்து பார்த்து, அந்த நேரத்தை மூன்றால் பெருக்கினால் ஓரளவு நெருங்கி வரும். மாணவர்கள் எடுத்த உண்மையான நேரத்தைப் பெயர் கேட்காத ஒரு கூகுள் ஃபார்மில் வாங்குங்கள். கேள்வி இரண்டே போதும்: எந்தப் பணி, எத்தனை நிமிடம். பள்ளிக் கணக்கில் ஃபார்ம் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும்படி அமைந்திருக்கலாம். அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த எண்ணைத்தான் எழுதுவார்கள்.

வந்த எண்களில் சராசரியைப் பார்க்காதீர்கள், நடு எண்ணைப் பாருங்கள். ஏழு பேர் 20, 25, 25, 30, 35, 50, 120 நிமிடம் என்று எழுதியிருந்தால் நடு எண் 30. சராசரி ஏறக்குறைய 44. சராசரியை வைத்துப் பேசினால் பெரும்பாலான பிள்ளைகளின் அனுபவத்தோடு அது ஒட்டாது. ஆனால் அந்த 120ஐத் தள்ளிவிடவும் கூடாது. அந்தப் பிள்ளைக்கு முந்தைய பாடம் புரியவில்லை, அல்லது வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை, அல்லது கைபேசியை அண்ணன் தம்பியோடு பகிர வேண்டியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. வீட்டுப்பாடத்தைக் குறைப்பது எதற்கும் மருந்தல்ல.

கூகுள் ஷீட்டில் தொகுத்தால் ஐந்து பத்தி போதும்: கெடு தேதி, செக்‌ஷன், பாடம், வேலை, நிமிடம். தேதிவாரியாகக் கூட்ட 'சம்இஃப்' சூத்திரம் உண்டு. ஒரு இடத்தில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். நிமிடப் பத்தியில் '30' என்று மட்டும் எழுத வேண்டும். '30 நிமிடம்' என்று எழுதினால் ஷீட் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டாமல் விட்டுவிடும். பிழை என்றும் சொல்லாது, மொத்தம் மட்டும் குறைவாக வரும். அந்தப் பத்தியில் எண் மட்டுமே ஏறும்படி தரவுச் சரிபார்ப்பு வைத்துவிடுவது நல்லது.

உண்மையைச் சொன்னால், இந்த ஷீட்டைவிட ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டும் ஒரு பெரிய சார்ட் பேப்பர்தான் அதிகம் பலன் தரும். நெடுக்கில் செக்‌ஷன்கள், குறுக்கில் வாரத்தின் நாட்கள். வீட்டுப்பாடம் கொடுக்கும் ஆசிரியர் அந்தக் கட்டத்தில் பாடத்தின் முதலெழுத்தையும் நிமிடத்தையும் எழுதுகிறார். கட்டம் 90ஐத் தொட்டுவிட்டால் அடுத்து வருபவர் வேறு நாளுக்குத் தள்ள வேண்டும். டெஸ்ட் என்றால் சிவப்பு பேனா, ஒரு செக்‌ஷனுக்கு வாரத்தில் இரண்டு சிவப்புக்கு மேல் கூடாது. லேப்டாப்பைத் திறந்து ஷீட்டைத் தேடும் ஆசிரியரைவிட, வகுப்புக்குப் போகும் வழியில் சுவரைப் பார்க்கும் ஆசிரியர் அதிகம். கிளாஸ்ரூம் தராத 'மொத்தப் பார்வை' இந்தக் காகிதத்தில் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை அதை ஒரு படம் எடுத்துப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பினால் தனி அறிக்கையே வேண்டாம்.

எத்தனை நிமிடம் சரி என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்த ஹாரிஸ் கூப்பரோடு சேர்த்துப் பேசப்படும் பத்து நிமிட விதி, வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கச் சொல்கிறது. பத்தாம் வகுப்புக்கு 100 நிமிடம், பன்னிரண்டுக்கு 120. இது எல்லாப் பாடமும் சேர்த்து ஒரு நாளைக்கு. ஒரு பாடத்துக்கு என்று நினைத்துக்கொண்டு வாதாடுபவர்கள் உண்டு, கவனம். சீனா 2021 ஜூலையில் கொண்டுவந்த சுமைக்குறைப்பு விதியில் நடுநிலை வகுப்புகளுக்கு எழுத்து வேலை 90 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், 90இல் தொடங்கி இரண்டு மாதம் நடத்திப் பார்ப்பது நியாயமான இடம்.

பெற்றோர் பக்கம் ஒரு கணக்கு தெரிவதில்லை. அதைக் கூட்டத்தில் பலகையில் எழுதியே காட்ட வேண்டும். ஓர் ஆசிரியருக்கு ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 பேர் என்றால் 200 நோட்டு. ஒரு நோட்டுக்கு மூன்றே நிமிடம் என்றாலும் 600 நிமிடம், பத்து மணி நேரம். வாரம் இரண்டு முறை எழுதச் சொன்னால் திருத்த மட்டும் இருபது மணி நேரம் வேண்டும். யாரிடமும் அந்த நேரம் இல்லை. அதனால்தான் திருத்தப்படாத வீட்டுப்பாடம் குவிகிறது, பிள்ளைகளும் யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்து பார்த்து எழுதுகிறார்கள். கிளாஸ்ரூம் இங்கே நிஜமாகவே உதவும். அடிக்கடி எழுதும் குறிப்புகளைச் சேமித்து வைக்கும் கருத்து வங்கி, மதிப்பீட்டு அளவுகோல், தானாகத் திருத்தும் ஃபார்ம் வினாடி வினா மூன்றும் இலவசப் பதிப்பிலேயே உண்டு. வினாடி வினாவை, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் விடையில் நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் தப்பு என்றுவிடும், பிறகு உட்கார்ந்து கையால் சரிசெய்ய வேண்டும்.

பணத்துக்கு வருவோம். தகுதியுள்ள பள்ளிகளுக்கு 'எஜுகேஷன் ஃபண்டமென்டல்ஸ்' பதிப்பு இலவசம். அதற்கு மேற்பட்ட பதிப்புகளான ஸ்டாண்டர்டும் பிளஸ்ஸும் மாணவர் எண்ணிக்கைப்படி ஆண்டுதோறும் கட்ட வேண்டியவை. காப்பாளர் மின்னஞ்சல் இலவசத்திலேயே இருப்பதால் அதற்காகக் காசு கட்ட வேண்டியதில்லை. காசு கட்டினால் வருவதில் பள்ளிக்குப் பயன்படக்கூடியது, மாணவர் வேறிடத்திலிருந்து பார்த்து எழுதினாரா என்று காட்டும் நகல் சோதனை வரம்பில்லாமல் (இலவசத்தில் ஒரு வகுப்புக்கு ஐந்து பணி வரைதான்), பயிற்சித் தொகுப்புகள், நிர்வாகிக்கான புள்ளிவிவரம். அந்தப் புள்ளிவிவரம் ஒப்படைப்பையும் மதிப்பெண் போக்கையும்தான் காட்டும். சுமையைக் காட்டும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். நகல் சோதனை கட்டாயம் வேண்டும் என்றால் ஆசிரியர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் உரிமம் வாங்கும் கற்பித்தல் கூடுதல் சேவை இருக்கிறது. மாணவர் தலைக்குக் கட்டும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

சேமிப்பிடம் பற்றிய பயம் பாதி வீண். இலவசப் பதிப்பில் பள்ளி முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட். ஆயிரம் மாணவர் ஆளுக்கு 500 எம்பி வீடியோ ஒன்று ஏற்றினால் அரை டெராபைட் போகும். நான்கு பாடத்தில் மாதம் ஒரு வீடியோ என்று பத்து மாதம் கேட்டால் ஆண்டுக்கு 20 டெராபைட், ஐந்தாம் ஆண்டில் நிரம்பிவிடும். ஆண்டு முடிவில் பழைய வீடியோக்களை அழிக்க ஓர் ஆளை நியமித்தால் இந்தக் கவலை போய்விடும், அதற்குப் பணம் வேண்டாம்.

நன்கொடைப் பணம் வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது கருவிகள். எண்ணிக்கையை ஊகிக்காமல் அதே ஃபார்மில் ஒரு கேள்வி சேர்த்துக் கண்டுபிடியுங்கள். 400 பேரில் 60 பேர் பகிர்ந்த கைபேசியில்தான் செய்கிறார்கள் என்றால் 60 கருவியும் பத்தில் ஒன்று உபரியும் சேர்த்து 66 போதும். சார்ஜர் இன்னும் பத்து கூடுதலாக வாங்குங்கள், முதலில் தொலைவதும் அறுவதும் அதுதான். கூகுளின் குரோம் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக் வாங்கினால் தானியங்கி மேம்படுத்தல் முடியும் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2021 முதல் வந்த தளங்களுக்கு (மாடல்களின் அடிப்படை வன்பொருள்) பத்தாண்டு மேம்படுத்தல் உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது. அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதல்ல, அந்தத் தளம் வெளியான நாளிலிருந்து. மலிவாகக் கிடைக்கும் பழைய மாடலுக்கு மூன்று ஆண்டே மிச்சம் இருக்கலாம்.

கருவிக்கும் முன்னால் பணம் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: பள்ளி முடிந்தபின் திறந்திருக்கும் வீட்டுப்பாட அறை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் பீசா (PISA) ஆய்வில் 2012ஆம் ஆண்டு வசதியான வீட்டு மாணவர்கள் வாரம் 5.7 மணி நேரமும் வசதி குறைந்தவர்கள் 4.1 மணி நேரமும் வீட்டுப்பாடம் செய்வதாகச் சொன்னார்கள். இடமும் அமைதியும் கேட்டுச் சொல்ல ஓர் ஆளும் இல்லாத வீட்டில் டேப்லெட் மட்டும் இந்த இடைவெளியை அடைக்காது. வாரம் நான்கு நாள், நாளுக்கு 75 நிமிடம், இரண்டு ஆசிரியர் என்றால் வாரத்துக்குப் பத்து ஆசிரியர் மணி நேரம். அதற்கான ஊதியத்தைத் தனி வரியாக நிதிப்பட்டியலில் எழுதுங்கள். 'ஆசிரியர்கள் மனமுவந்து பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுதும் திட்டம் முதல் பருவத்தோடு நின்றுவிடும்.

நிதிப்பட்டியலில் இரண்டு பத்தி இருக்க வேண்டும்: ஒரு தடவைச் செலவு, ஆண்டுதோறும் வரும் செலவு. நன்கொடை முதல் பத்திக்குத்தான் வரும். உரிமம், இணையம், பழுது, வீட்டுப்பாட அறை எல்லாம் இரண்டாவதில். இரண்டாவது பத்தியை நிரப்ப வழி சொல்லாத எந்தக் கோரிக்கையையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்து, அதைக் கேட்டவரிடமே மூன்று ஆண்டுக் கணக்கு எழுதி வரச் சொல்லுங்கள்.